டீசல் டேங்க் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடியுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் மண் வேலை, கல் குவாரி, சாலை வேலை, கரும்பு வெட்டு என்று எந்திரம் ஓடுகிற இடமெல்லாம் டீசலை அதன் காலடிக்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் நகர்கிற மண் அள்ளும் செயின் வண்டியைப் பங்க்குக்கு ஓட்டிப் போக முடியாது. அதனால் பிக்கப்பிலோ டிராக்டர் டிரெய்லரிலோ ஒரு டேங்க், அதற்கு ஒரு பம்ப், ஒரு ஹோஸ், ஒரு நாசில் என்று ஏற்பாடு செய்துகொள்கிறோம். டேங்க் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, பெரும்பாலும் ஒரே கேள்வி, "எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்பதுதான். களத்தில் வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி அந்த ஒற்றைக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். காற்றுத்துளை எங்கே, உறிஞ்சுகுழாய் அடியிலிருந்து எவ்வளவு உயரம், அடியில் வடிகால் உண்டா, உள்ளே டீசல் அலைபாயாமல் தடுக்கும் தடுப்புத்தகடு உண்டா, இணைப்புகள் என்ன உலோகம் என்பவை லிட்டர் கணக்கைவிட முக்கியமானவை.

ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிறகு, அடுத்த டேங்க் வாங்கும்போது எதைப் பார்த்தால் அந்தத் தொல்லை வராது என்பதையும் சொல்கிறேன்.

பம்ப் ஓடுகிறது, டீசல் வரவில்லை அல்லது மெல்ல மெல்லக் குறைகிறது

"அண்ணா, பம்ப் சத்தம் வருகிறது, டீசல்தான் வரவில்லை" என்று ஆபரேட்டர் போன் செய்தால், பம்பைக் கழற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். மேல்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூடியைத் திருகும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே டீசல் சீராக வந்தால், பழுது பம்பில் இல்லை, காற்றுத்துளையில் இருக்கிறது. எடுக்கிற டீசலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும். குவாரித் தூசியும் டீசல் ஈரமும் சேர்ந்து அந்தத் துளையைக் களிமண்போல் அடைத்துவிடும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் டேங்கின் பக்கச்சுவரே உள்வாங்கிவிடும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு உள்ளே குறைந்தாலே, ஒரு சதுர மீட்டர் தகட்டின் மீது ஏறக்குறைய 500 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். மெல்லிய தகடு அதைத் தாங்காது. பள்ளம் விழுந்த டேங்கைப் பார்த்தால் யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைக்காமல், காற்றுத்துளையைப் பாருங்கள்.

மூடியைத் திறந்தும் சரியாகவில்லை என்றால் அடுத்தது வடிகட்டி. பம்பின் நுழைவாயில் பக்கம் ஒரு சிறிய சல்லடை இருக்கும். அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். துருத்தூள், டெஃப்லான் டேப்பின் நார்கள், பேரல் மூடியின் ரப்பர்த் துணுக்கு இவைதான் வழக்கமாக விழும். டெஃப்லான் டேப்பைத் திருகுமரையின் முதல் இழையிலிருந்தே சுற்றினால் அதன் நுனி உள்ளே பிய்ந்து பம்புக்குப் போகும். ஓரிரு இழைகளை விட்டுச் சுற்ற வேண்டும்.

சல்லடையும் சுத்தம் என்றால், உறிஞ்சுகுழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. நாசிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். டீசலோடு குமிழிகள் வந்தால் உறுதி. உறிஞ்சும் பக்கத்துக் கசிவில் ஒரு சிக்கல் உண்டு: அங்கே டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிளாம்பையும் இறுக்கி, இணைப்பின் மேல் கெட்டியான கிரீஸைத் தடவிவிட்டு மீண்டும் பம்பை ஓட்டுங்கள். எந்த இணைப்பில் கிரீஸ் பூசியதும் குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சை ஹோஸைப் போட்டிருந்தால் தேடவே வேண்டாம், அதுதான் காரணம். டீசலில் அது நாளடைவில் விறைத்து, கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் வெடிக்கும். டீசலுக்கென்று விற்கிற நைட்ரில் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும். உறிஞ்சும் பக்கத்துக்கு உள்ளே கம்பிச்சுருள் வைத்தது வாங்குங்கள், இல்லையென்றால் சூட்டில் இளகித் தட்டையாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பம்ப் சோர்ந்து சுற்றினால் மின்சாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளுகிற 12 வோல்ட் பம்ப் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பம்ப் வரை நான்கு மீட்டர் என்றால் போக வர எட்டு மீட்டர் ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டோடு முடியும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஒயரை மாற்றுங்கள், பம்பைக் குறை சொல்லாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய செயின் வண்டிகளில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். பிக்கப்பிலும், முன்னே அள்ளும் வாளியும் பின்னே தோண்டும் கையும் உள்ள பெரும்பாலான பேக்கோ வண்டிகளிலும் 12. அவசரத்தில் 12 வோல்ட் பம்பின் கிளிப்பை 24-இல் மாட்டிப் பம்பை எரித்த கதை எல்லாத் தளங்களிலும் உண்டு. அதைத் தவிர்க்க இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் மாட்டுவதும் நல்லதல்ல, ஒரு பேட்டரி மட்டும் இறங்கி ஜோடி கெட்டுவிடும். பிக்கப்பின் பேட்டரியிலிருந்தே பம்புக்கு நிரந்தரமாக ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வையுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: பம்பின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று போட்டிருக்கும். பல டிசி பம்புகளுக்கு அது அரை மணிநேரம்தான். நாசிலை மூடிவிட்டு பம்பை ஓடவிட்டால் டீசல் வெளியேற முடியாமல் பம்புக்குள்ளேயே பைபாஸ் வழியில் சுற்றிச் சுற்றிச் சூடேறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது.

நாசில் பாதியிலேயே நின்றுவிடுகிறது, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

தானாக நிற்கும் நாசிலின் மூக்கு நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் டீசலோ நுரையோ ஏறினால் நாசில் நின்றுவிடும். குறுகிய வாயில் வேகமாகப் பாய்ச்சினால் நுரை எழும்பி, டேங்க் நிரம்பாமலே நிற்கும். நாசிலைச் சற்று வெளியே இழுத்து, பாதி வேகத்தில் விடுங்கள். மெல்ல விட்டும் ஒவ்வொரு முறையும் உடனே நின்றால் அந்தத் துளையில் சிமெண்டோ மண்ணோ அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: உயரத்திலிருந்து தானாக இறங்குகிற டீசலுக்கும் கைப்பம்புக்கும் இந்த நாசில் பொருந்தாது. போதிய வேகம் இல்லாவிட்டால் தானாக நிற்காது, நிரம்பி வழியும்.

எந்திரம் திணறுகிறது, வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது

இதுதான் காசைத் தின்கிற தொல்லை. எந்திரத்தின் பில்டரை மாற்றி மாற்றி அலுத்துப்போகிறவர்கள் டேங்கின் அடியைப் பார்ப்பதில்லை. இரவு முழுக்க ஆடாமல் நின்ற டேங்கின் அடியிலிருந்து, காலையில் வண்டியைக் கிளப்புமுன், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசலை வடியுங்கள். அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். அடியில் தெளிவாக ஒரு கோடு விழுந்து, கீழே நிறமில்லாமல் இருந்தால் அது தண்ணீர். டீசலின் அடர்த்தி சுமார் 0.83, தண்ணீருடையது 1. அதனால் தண்ணீர் எப்போதும் கீழே போய்ப் படுக்கும். வாட்டர் பேஸ்ட் என்று பங்க்காரர்கள் பயன்படுத்துகிற பசையை அளவுகோலின் நுனியில் தடவி இறக்கினால், தண்ணீர் நிற்கிற உயரம் வரை நிறம் மாறிவிடும்.

பாட்டிலில் இரண்டுக்கும் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ கோழைபோல் ஏதாவது தொங்கினால், அது நுண்ணுயிர் வளர்ச்சி. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற விளிம்பில் அது குடியேறும். நம் ஊர்ச் சூடு அதற்கு மிகவும் பிடித்தமானது. டேங்கை முழுதாக இறக்கி, அடியைக் கழுவித் துடைத்து, டீசலுக்கென்று விற்கிற கிருமிநாசினியை டப்பாவில் சொன்ன அளவில் போட்டால்தான் போகும். தண்ணீரை மட்டும் வடித்தால் மறுபடி வரும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? நிமிர்த்தி வைத்த 200 லிட்டர் பேரல்தான் பெரிய குற்றவாளி. ஐப்பசி மழையில் பேரலின் தலையில், விளிம்புக்குள், இரண்டு விரல் தண்ணீர் தேங்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம். பகலில் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வாஷரின் வழியே வெளியேறும். மாலையில் மழை விழுந்து பேரல் குளிர்ந்ததும் அதே வழியாக உள்ளே இழுக்கும். அப்போது மூடியைச் சுற்றி நிற்பது காற்றல்ல, தண்ணீர். இதற்கு மருந்து மிக எளிது. பேரலுக்கு ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, இரண்டு மூடிகளும் சாய்வுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், தாழ்ந்த ஓரத்தில் தேங்கும் தண்ணீர் எட்டாதவாறு இருக்கும்படி திருப்பி வையுங்கள். தார்ப்பாய் போட்டால் இன்னும் நல்லது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் உள்சுவரில் வியர்த்து இறங்குகிற தண்ணீரும் உண்டு. வேலை நிற்கிற நாட்களில் டேங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி வைப்பது அதைக் குறைக்கும்.

தண்ணீரே இல்லை, ஆனாலும் பில்டரில் வெளிறிய சோப்புபோல் படிகிறது என்றால் இணைப்புகளைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர் கையில் கிடைத்த ஜி.ஐ. நிப்பிளை மாட்டியிருப்பார். அதன் துத்தநாகப் பூச்சு டீசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சோப்புப் படிவமாகி, பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். டேங்குக்கும் இதே விதி: துத்தநாகம் பூசிய தகடு டீசலுக்கு ஆகாது. வெறும் இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், டீசலுக்கென்று செய்த பிளாஸ்டிக் இவை ஆகும்.

2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கிற டீசல் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) தரம். அதற்கேற்ற புது இன்ஜின்களின் இன்ஜெக்டர்கள் அழுக்கைக் கொஞ்சமும் பொறுக்காது. பழைய இன்ஜின் சமாளித்த டீசல் புது இன்ஜினை மடக்கிவிடும். ஆகவே வாங்கும்போது டேங்கின் அடி ஒரு பக்கம் சரிந்து, மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் இருக்கிறதா, உறிஞ்சுகுழாய் அடியிலிருந்து இரண்டு விரற்கடையாவது மேலே நிற்கிறதா, பம்புக்குப் பிறகு தண்ணீர் பிரிக்கும் பில்டர் மாட்ட இடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் டேங்க் நல்ல டேங்க் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள், கடைசிச் சொட்டில்தான் தண்ணீர் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் தோல் தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் வந்திறங்கிய, இரும்புக் கூண்டு போட்ட 1000 லிட்டர் வெள்ளை டேங்குகள் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அமிலமோ எண்ணெய்க் குழம்போ எது இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, எவ்வளவு கழுவினாலும் வால்விலும் மூலையிலும் மிச்சம் இருக்கும். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும், உரசலில் சேர்கிற நிலைமின்னையும் தேக்கிவைக்கும்.

மதியத்தில் மூடியோரம் டீசல் வழிகிறது

பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த டீசல், சித்திரை வெயிலில் 15 டிகிரி சூடேறினால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 12 லிட்டர் விரியும். விளிம்பு வரை நிரப்பியிருந்தால் அது வெளியே வந்துதான் தீரும். நூற்றுக்கு ஐந்து பங்கு காலி விடுங்கள், டேங்கின் மேல் நிழல் போடுங்கள். வழிவதைத் தடுக்கக் காற்றுத்துளையை அடைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

லிட்டர்க் கணக்கு உதைக்கிறது

வாடகை எந்திரத்துக்கு டீசல் நாம் ஊற்றுவது என்று பேசிக்கொண்ட இடங்களில் சண்டை இங்கேதான் தொடங்கும். யார் மீதும் சந்தேகப்படுமுன் மீட்டரைச் சோதியுங்கள். முத்திரையிட்ட அளவுப்பாத்திரத்தில் மூன்று முறை ஊற்றிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் மீட்டரின் திருத்த எண்ணை மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி என்றால், முன்பு சொன்ன காற்றுக் கசிவு. மீட்டருக்குக் காற்றும் டீசலும் ஒன்றுதான், இரண்டையும் எண்ணிவிடும். சொந்த எந்திரத்துக்கு ஊற்றுகிற வரை இந்த அளவில் போதும். விலைக்கு ஊற்றுவதானால் 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மீட்டருக்கு முத்திரை வேண்டும், எரிபொருள் விற்பதற்கான அனுமதிகள் தனி.

இரவில் அளவு குறைந்தால் திருட்டு என்று முடிவு கட்டுவதற்குமுன் ஹோஸைப் பாருங்கள். பிக்கப்பின் மேல் இருக்கும் டேங்க் உயரம், தரையில் கிடக்கும் நாசில் பள்ளம். பம்ப் நின்ற பிறகும் டீசல் தானாக இறங்கிக்கொண்டிருக்கும். டேங்கின் வாயிலேயே பூட்டுப் போடக்கூடிய ஒரு பால் வால்வும், ஹோஸ் அறுந்தாலும் டீசலைத் தானாக இறங்கவிடாத தடுப்பு வால்வும் இருக்க வேண்டும்.

வண்டி வளைவில் அலைபாய்கிறது

ஆயிரம் லிட்டர் டீசல் 830 கிலோ. டேங்க், பம்ப், ஆள் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். சின்ன யானை வகை வண்டிகள் அதைச் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையைப் பார்த்துவிட்டு டேங்கை முடிவு செய்யுங்கள். நிரம்பிய டேங்கைவிடப் பாதி நிரம்பியதே ஆபத்து: பிரேக் அடித்ததும் மொத்த டீசலும் முன்னே ஓடிவந்து மோதும். பேரணாம்பட்டு மலைப்பாதையிலோ ஜவ்வாதுமலை ஏற்றத்திலோ போகிறவர்கள் உள்ளே தடுப்புத்தகடு இல்லாத டேங்கை எடுத்துப் போகவே கூடாது. டேங்கைத் தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், காலி புது டேங்கில் மட்டும். வண்டியில் கேபினை ஒட்டி வைத்து, சட்டத்தோடு நான்கு இடத்தில் போல்ட் போடுங்கள். கயிறு போதாது.

எவ்வளவு பெரியது வேண்டும் என்பதற்கு இப்படிக் கணக்குப் போடலாம். 20 டன் செயின் வண்டி மணிக்கு 12 முதல் 15 லிட்டர், பேக்கோ வண்டி 5 அல்லது 6. ஒரு செயின் வண்டியும் இரண்டு பேக்கோவும் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 200 லிட்டர் ஆகும். 500 லிட்டர் டேங்க் இரண்டு நாளுக்குப் போதும். அதற்கு மேல் வாங்கித் தேக்கிவைப்பதில் லாபம் இல்லை.

சட்டத்தின் எல்லையும் இங்கே வருகிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தில் டீசல் 'பி' வகுப்பு. ஓரிடத்தில் மொத்தம் 2500 லிட்டரைத் தாண்டாமலும், எந்த ஒரு கலனும் 1000 லிட்டருக்கு மேல் கொள்ளாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை என்கிறது 7-ஆம் பிரிவு. தாண்டினால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் உரிமம் வேண்டும். 1000 லிட்டர் என்று பெயர் போட்ட கூண்டு டேங்க் விளிம்பு வரை அதற்கு மேலேயே பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாசிலைத் தொட்டதும் சுரீர் என்கிறது

வேலையை உடனே நிறுத்துங்கள். அது நிலைமின். கந்தகம் குறைந்த இன்றைய டீசல் மின்னைக் கடத்துவது குறைவு, அதனால் ஓடும்போது சேர்கிற மின்னேற்றம் சீக்கிரம் இறங்காது. டேங்குக்கும் எந்திரத்துக்கும் நடுவே கிளிப் வைத்த செம்புக் கம்பி ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். ஊற்றுவதற்குமுன் மாட்டி, ஊற்றி முடித்து மூடி போட்ட பிறகு கழற்றுங்கள். கேனில் ஊற்றும்போது பிக்கப்பின் பிளாஸ்டிக் விரிப்பில் வைத்து ஊற்றாதீர்கள், தரையில் இறக்கி வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி ஊற்றுங்கள்.

"டீசல்தானே, தீக்குச்சி போட்டாலும் பற்றாது" என்கிற துணிச்சல் நம் ஊரில் ஆபத்தானது. டீசலின் ஆவி பற்றக்கூடிய வெப்பநிலைக்குத் தரவரையறை வைத்திருக்கும் கீழ் எல்லை 35 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கிற இரும்பு டேங்கின் உள்ளே அதைவிட அதிகச் சூடு இருக்கும். அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். புல்வெட்டிக்கும் மரம் அறுக்கும் எந்திரத்துக்கும் வேண்டிய பெட்ரோலுக்குத் தனி உலோகக் கேன், தனிப் புனல். டீசல் பம்பால் பெட்ரோலை ஒருபோதும் இழுக்காதீர்கள், அதன் மோட்டார் பொறி வெளியே வராதவாறு மூடியதல்ல. அதேபோல் புது எந்திரங்களுக்கு ஊற்றும் யூரியா கரைசலின் கேனையும் டீசல் பக்கத்தில் வைக்காதீர்கள். அது டீசல் டேங்கில் போய்விட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் முழுதாக இறக்க வேண்டும்.

டேங்கில் பொத்தல் விழுந்துவிட்டது

சொட்டுகிற இடத்தில் இப்போதைக்கு எபாக்சி பசையை அழுத்தி, டீசலை வேறு கலனுக்கு மாற்றுங்கள். சிந்தியதன் மேல் எம் சாண்டோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள், கிணற்றுப் பக்கம் கழுவிவிடாதீர்கள். பிறகு டேங்கை நேராக வெல்டிங் பட்டறைக்கு ஏற்றாதீர்கள். காலி டேங்க் என்று நாம் சொல்வதில் டீசல்தான் காலி, ஆவி நிரம்பித்தான் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் சுவரில் ஒட்டியிருக்கும் மிச்ச டீசலும் ஆவியாகிச் சேரும். இரண்டு தண்ணீர் ஊற்றி அலசிவிட்டோம் என்பது போதாது. நீராவியால் கழுவி, உள்ளே ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் கருவி வைத்துச் சோதித்து எழுத்தில் கொடுத்த பிறகே நெருப்பு வைக்கலாம் என்பது விதி. அந்தச் செலவைக் கணக்குப் பார்த்தால் சிறிய டேங்குக்குப் புதிது வாங்குவதே மேல். பழையதை இரும்புக் கடையில் போடும்போது, இது டீசல் டேங்க் என்று வாய் திறந்து சொல்லி, எல்லா மூடிகளையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அங்கே அதை கேஸ் கட்டர் வைத்துத்தான் வெட்டுவார்கள்.